அந்தப் படம் சுவரிலேயே இருக்கட்டும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தை அடுத்த காலனி ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பி.காம். முடித்தவர். எங்கள் மாலை நேரப் பயிற்சி வகுப்புக்கு இரண்டு ஆண்டுகள் வந்தவர். சென்னையில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஆன்லைனில் நேர்காணல்.

"சார், என்ன டிரஸ் போடணும்?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். இணையத்தில் தேடினால் ஆயிரம் பேர் பதில் சொல்கிறார்கள். கோட்டு போடு, டை கட்டு, பின்னால் புத்தக அலமாரி இருக்கட்டும், மேசை விளக்கு வாங்கு என்கிறார்கள். தனி அறையும் மேசையும் நாற்காலியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் யோசனைகள் அவை. இந்தத் தம்பியின் வீடு அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை. அதில் நான்கு பேர், ஒரு பீரோ, ஒரு கட்டில், இரண்டு நெல் மூட்டை. ஆகவே திங்கட்கிழமை மாலை நானே நேரில் போனேன்.

அங்கே அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். முதலில், அவர் போனில் கேட்டதற்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற பிள்ளைகளுக்கு அது உதவும்.

முதலில் சட்டை

புதுத் துணிக்குக் கடன் வாங்காதீர்கள். கல்லூரிக்குப் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று போதும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டதாக இருக்க வேண்டும். கேமராவில் தெரிவது தலையிலிருந்து மார்பு வரைதான். காலர் மடங்கியிருந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில், முந்தின இரவே சட்டையை நன்றாக மடித்துப் பாயின் அடியில் வைத்துவிடுங்கள். நம் அப்பாக்கள் பள்ளிக்கூடம் போனது அப்படித்தான்.

நிறத்தில் கவனம் வேண்டும். நேர்காணல் என்றாலே வெள்ளைச் சட்டை என்று நினைக்கிறோம். செல்போன் கேமராவுக்கு அது அவ்வளவு ஒத்துவராது. திரையில் வெள்ளை அதிகமாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று கேமரா தானாகவே கணக்குப் போட்டுப் படத்தை மங்கலாக்கும். அப்போது முகம் இருண்டு தெரியும். நம் பிள்ளைகள் பலர் அந்த நேரத்தில் பவுடரை அப்பிக்கொள்கிறார்கள், முகத்தை வெளுப்பாகக் காட்டும் ஃபில்டரைப் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். குறை கேமராவின் கணக்கில் இருக்கிறது, உங்கள் நிறத்தில் இல்லை. வெளிர் நீலம், இளம் சாம்பல், கடல் நீலம் போன்ற நிறங்கள் நல்லது. பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் திரையில் நெளிநெளியாக ஆடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். சுவரின் நிறத்திலேயே சட்டையும் இருந்தால் ஆள் சுவரோடு சுவராகிவிடுவார். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குச் சுடிதார் போதும், புடவை கட்டிப் பழக்கம் இருந்தால் புடவை. கோட்டு கட்டாயம் என்று யாரும் சட்டம் போடவில்லை. துப்பட்டாவைப் பின் குத்திவிட்டால் அதைச் சரிசெய்வதிலேயே கவனம் போகாது. கலகலவென்று சத்தம் போடும் வளையலையும், ஹெட்போனில் உரசும் தொங்கட்டானையும் கழற்றி வைத்துவிடுங்கள். மேலே சட்டையும் கீழே கைலியுமாக உட்காரும் பழக்கமும் வேண்டாம். கரண்டு போய், போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

கையில் கட்டியிருக்கும் கயிறு பற்றியும் சொல்ல வேண்டும். தென் மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் அணிவதைத் தடைசெய்யச் சொன்னது. நாம் கட்டும் நிறத்துக்கு மட்டும் விலக்கு கேட்க முடியாது. சாதிக் கயிறு எந்த நிறத்தில் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். நேர்காணலுக்காக மட்டும் அல்ல, நிரந்தரமாகவே கழற்றிவிடுங்கள்.

உட்காரும் இடத்துக்கு ஒரே விதிதான். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது. வாசலையோ ஜன்னலையோ பார்த்தபடி உட்காருங்கள். போனைக் கையில் பிடிக்காமல், கண் உயரத்துக்கு ஏதாவது ஒன்றின் மேல் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். அன்று நாங்கள் இரண்டு நெல் மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் அரிசி டப்பாவை வைத்துப் போனைச் சாய்த்தோம். எந்த ஸ்டாண்டும் அவ்வளவு ஆடாமல் நிற்காது.

தம்பியின் இரண்டாவது கேள்வி

மூட்டையை அடுக்கி, நாற்காலியைப் போட்டு, அவரை உட்காரவைத்துப் பார்த்தபோதுதான் அது திரையில் தெரிந்தது. வெளிச்சம் சரியாக விழும் ஒரே சுவரில், அவர் தலைக்குப் பின்னால், அண்ணல் அம்பேத்கரின் படம் மாட்டியிருந்தது. நீலக் கோட்டு, சிவப்பு டை, கண்ணாடி.

தம்பி திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், படத்தை எடுத்துடட்டுமா?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். "எடுத்துவிடு" என்பதுதான் என் வாயில் முதலில் வந்த பதில். முப்பது ஆண்டுகள் அரசு வேலை பார்த்தவன் நான். வாடகை வீடு தேடி அலைந்த காலத்தில், வீட்டுக்காரர் வந்து போகும் வரை இதே படத்தைப் பெட்டியில் வைத்திருந்தவன். அந்தப் பழக்கம்தான் அன்று பேசியது.

அடுப்படியில் இருந்த அவருடைய அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எதுக்கு எடுக்கணும்? இந்த வூட்லயே கோட்டு போட்டுக்கினு இன்டர்வியூக்கு ரெடியா நிக்கிறது அவரு ஒருத்தர்தான். இருக்கட்டும், வுடு."

மூவரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தச் சொல் மறக்கவில்லை.

உடை நமக்கு வெறும் துணி அல்ல

அம்பேத்கர் ஏன் எப்போதும் கோட்டு போட்டார் என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு நம் வரலாறு தெரியாது. நாம் எதை உடுத்தக்கூடாது என்பதை மற்றவர்கள் தீர்மானித்த ஊர்கள் இவை.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக்கூடாது. தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆறே மாதத்தில், 1931 ஜூனில், எட்டுத் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. அந்தப் பட்டியலில் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பதும் உண்டு. சட்டையையும் படிப்பையும் சேர்த்தே தடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில், பெண்களிடம் தனியாகப் பேசிய அம்பேத்கர் உடையைப் பற்றியும் பேசினார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் புடவை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். கனத்த மலிவு நகைகளைக் கழற்றச் சொன்னார். அந்தப் பெண்கள் அங்கேயே புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள் என்பது வரலாறு. யாருக்கும் அழகாகத் தெரிவதற்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. தம் உடல்மீது பிறர் எழுதிய அடையாளத்தை அழிப்பதற்காகச் செய்தார்கள்.

அது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ புதுத் துணி உடுத்துவதையோ தடுப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலத்தில், புதுத் துணி உடுத்தும் உரிமையை ஒரு நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அது இன்றைய செய்தி.

ஆகவே நம் பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு கேமரா முன் உட்காருவதை யாரும் வெளிவேடம் என்று நினைக்க வேண்டாம். நம் தாத்தாக்கள் அடிவாங்கிப் பெற்ற உரிமை அது.

சட்டையால் முடியாதது

அதே நேரம், சட்டை சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு, அந்த ஊரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரையும் தடியோடு வந்து துரத்தினார்கள். அவரிடம் இருந்த கோட்டும் பட்டமும் அன்று அவரைக் காப்பாற்றவில்லை.

2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இரு ஆய்வாளர்கள் தாங்கள் செய்த ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் கட்டத்தில் யாரும் யாருடைய சட்டையையும் பார்க்கவில்லை. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் நிறுவனங்களின் பணியமர்த்தும் அதிகாரிகளிடம் பேசி எழுதிய ஆய்வில், பலரும் குடும்பப் பின்னணியைக் கேட்பதாகவும் அதை முக்கியமாகக் கருதுவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

காணொலி நேர்காணல் இதில் இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. முன்பு நாம் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனோம். வீட்டை விட்டுவிட்டுத்தான் போனோம். இப்போது அவர்கள் நம் வீட்டுக்குள் வருகிறார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், தலைக்கு மேல் துணிக் கொடி, வெளியே கத்தும் ஆடு, தெருமுனையில் மைக் செட், படுத்திருக்கும் பாட்டி, சுவரில் ஒரு படம் என்று எல்லாமே தெரிகிறது. ஆன்லைன் தேர்வு என்றால் போனைச் சுற்றி அறை முழுவதையும் காட்டு என்கிறார்கள். ஊர்த் தெருவைத் தாண்டி நம் தெருவுக்கு ஒருநாளும் வராதவர்கள், ஒரு நிமிடத்தில் நம் வீட்டு அடுப்படி வரை வந்துவிடுகிறார்கள்.

பின்புலத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். பழைய போனில் அது சரியாக வேலை செய்வதில்லை. செய்தாலும் டேட்டா திணறும். ஒரு புடவையைப் பின்னால் தொங்கவிடலாம், அதில் தவறில்லை. ஆனால் பூசை மாடமும் குடும்பப் படமும் பின்னால் தெரிய உட்காரும் வேறு வீட்டுப் பிள்ளைக்கு, இதை எடுத்துவிட வேண்டுமோ என்ற கேள்வியே தோன்றுவதில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் அது தோன்றுகிறது. நேர்காணலுக்கு முந்தின நாள் கணக்கியலைப் புரட்ட வேண்டிய பிள்ளை, சுவரைப் பார்த்துக் கவலைப்படுகிறான்.

செவ்வாய்க்கிழமை நடந்தது

தம்பி படத்தை எடுக்கவில்லை. வெளிர் நீலச் சட்டையில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் பேசினார்கள். வரவு செலவு, ஜி.எஸ்.டி., டேலி என்று கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னதாகச் சொன்னார். கடைசியில் ஒருவர், "உங்க நேட்டிவ் எது? திண்டிவனத்துல எந்த ஏரியா? அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா விவசாயக் கூலி என்று நேராகச் சொல்லியிருக்கிறார். "சரி, சொல்லி அனுப்புறோம்" என்று முடித்தார்கள். எந்தத் தகவலும் வரவில்லை.

படத்தால் வேலை போனதா? அப்பாவின் தொழிலாலா? ஆங்கிலம் தடுமாறியதாலா? அவரைவிடத் தகுதியான ஒருவர் வந்தாரா? எங்களுக்குத் தெரியாது. இப்படி எதுவும் தெரியாமல் போவதுதான் இன்றைய பாகுபாட்டின் குணம். ராமநாதபுரத்தில் தடைகளைப் பட்டியல் போட்டு அறிவித்தார்கள். இன்று எந்தப் பட்டியலும் கிடையாது. தோற்றவன் தன்னையே குடைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு வாரம் அந்தத் தம்பி அப்படித்தான் இருந்தார். பிறகு மீண்டும் விண்ணப்பித்தார். மூன்றாவது நேர்காணலில் வேலை கிடைத்தது. அதே சட்டைதான், அதே சுவர்தான், அதே படம்தான். அதனால் படம் தடையே இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் படத்தோடுதான் உட்கார வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு அந்த மாதச் சம்பளம் எவ்வளவு அவசியம் என்று அந்தந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். எடுத்து வைத்துவிட்டு உட்காரும் பிள்ளையைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், "எடுத்துவிடு" என்று முதலில் சொல்லும் ஆள் நாமாக இருக்கக்கூடாது. இதை அந்தத் தாயிடம்தான் நான் கற்றேன்.

யார் என்ன செய்ய வேண்டும்

ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக அயோத்திதாச பண்டிதர் பெயரில் ஐந்து ஆண்டுகளில் ஆயிரம் கோடி ரூபாய் செலவிடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது. சாலை, குடிநீர், மயானப் பாதை எல்லாம் தேவைதான். அதோடு, ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் அறை வேண்டும். வெள்ளைச் சுவர், ஒரு மேசை, ஒரு நாற்காலி, நல்ல விளக்கு, தடைபடாத இணையம், கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி இருந்தால் போதும். ஊர்ப்புற நூலகத்திலோ ஆதிதிராவிடர் நல விடுதியிலோ அதை அமைக்கலாம். ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காரட்டும். பின்னால் ஒரே சுவர் தெரியட்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல இது. மாவட்ட ஆட்சியர் மனது வைத்தால் முதல் அறையை இந்த ஆண்டே திறந்துவிடலாம். 2022 முதல் நடக்கும் நான் முதல்வன் திட்டத்திலும், கேமரா முன் உட்கார்ந்து பேசிப் பழகும் பயிற்சியைக் கிராமப்புறக் கல்லூரிகளில் கட்டாயமாக்க வேண்டும்.

தனியார் நிறுவனங்களுக்கு இடஒதுக்கீடு இல்லை. பொறுப்புமா இல்லை? முதல் சுற்றைக் குரலில் மட்டும் நடத்தலாம். வீட்டுச் சூழல் மதிப்பெண்ணில் சேராது என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதலாம். எந்த ஏரியா, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகளை விட்டுவிடலாம். கணக்குப் பிரிவு வேலைக்கு அப்பாவின் தொழில் எதற்கு?

கடைசியாக, படித்து வேலைக்குப் போய்விட்ட நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 14 அன்று மாலை போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினால் போதாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்கள் போனில் இருந்தே நம் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்துங்கள். நான்கு முறை பேசிப் பழகிய பிள்ளை ஐந்தாவது முறை தடுமாற மாட்டான்.

மாணவர்களே, சட்டையைத் துவைத்து வையுங்கள். வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள். கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அப்பாவின் தொழிலைக் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். வேலை கிடைக்கவில்லை என்றால் அன்று இரவு சுவரைக் குறை சொல்லாதீர்கள், உங்களையும் குறை சொல்லாதீர்கள். சட்டையை மறுபடி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.